சர்வர் ஓடுது... ஆனா கனெக்ட் ஆகல! ஒரே பெயருக்கு 2 ஐபி முகவரி இருந்தால் என்ன செய்யணும்?

சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க்கும் இருக்கிறது. ஆனாலும் பக்கத்து கவுன்டரில் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடியும் அதே கதைதான். பல நேரங்களில் கோளாறு சர்வரில் இருக்காது. அதன் பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில்தான் இருக்கும்.

டிஎன்எஸ் என்றால் என்ன?

நாம் கொடுக்கும் ஹோஸ்ட்நேமை ஐபி எண்ணாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ். 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை இது. இது எட்டாமல் போனால் பெரிய நிறுவனங்களும் தப்ப முடியாது. 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. பராமரிப்புப் பணியில் நடந்த தவறால் நிறுவனத்தின் உள் நெட்வொர்க் துண்டானது. அதன் டிஎன்எஸ் சர்வர்களை வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாமல் போனதும் முடக்கத்துக்கு முக்கியக் காரணம்.

2 முகவரி இருந்தால் என்ன சிக்கல்?

பழனி அருகே பாலசமுத்திரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்த டிஎன்எஸ் உள்ள விண்டோஸ் சர்வரில்தான் பில் போடுகிறார்கள். தைப்பூசக் கூட்டம் வரும் நேரத்தில் பில் நின்றால் வியாபாரமே நிற்கும்.

அந்த சர்வரின் கேபிள் முகவரி 192.168.1.10. அதில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டதால் 192.168.56.1 என்ற இன்னொரு முகவரியும் உருவாகிவிட்டது. இது அந்த மெஷினுக்குள் மட்டுமே வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் இரண்டையும் ஒரே பெயரில் டிஎன்எஸ்-ல் பதிவு செய்துவிடலாம். டிஎன்எஸ் இரண்டையும் மாற்றி மாற்றி முன்னே கொடுக்கும். 'சில நேரம் ஓப்பன் ஆகுது, சில நேரம் ஆகல' என்பது இதனால்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. சர்வரில் எத்தனை முகவரி இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்', லினக்ஸில் 'ஐபி அட்ரஸ்' கட்டளை போதும். 172.17 என்று தொடங்கினால் பெரும்பாலும் டாக்கர் உருவாக்கியது. 169.254 என்றால் அந்த கார்டுக்கு ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை.

2. கவுன்டர் கம்ப்யூட்டரில் சர்வர் பெயரை 'பிங்' செய்யுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, ஃபயர்வால் தடுத்திருக்கலாம். திரையில் எந்த எண் வருகிறது என்பதுதான் முக்கியம்.

3. அதே பெயரை 'என்எஸ்லுக்அப்' மூலம் கேளுங்கள். இது டிஎன்எஸ் சர்வரை மட்டும் கேட்கும். பிங், கம்ப்யூட்டரில் உள்ள ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பழைய நினைவகத்தையும் சேர்த்துப் பார்க்கும். என்எஸ்லுக்அப் சரியான எண்ணை மட்டும் காட்டி, பிங் வேறு எண் காட்டினால் தப்பு அந்த கம்ப்யூட்டரில். என்எஸ்லுக்அப்பிலேயே தேவையில்லாத எண் வந்தால் தப்பு டிஎன்எஸ் பதிவில்.

சரிசெய்வது எப்படி?

தேவையில்லாத நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், டிஎன்எஸ் டேபில், இந்த முகவரியை டிஎன்எஸ்-ல் பதிவு செய் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு டிஎன்எஸ்-ல் உள்ள பழைய பதிவை நீக்குங்கள். கடைசியாக ஒவ்வொரு கவுன்டரிலும் 'ஃப்ளஷ்டிஎன்எஸ்' கொடுங்கள். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் பழைய எண் வந்துகொண்டேதான் இருக்கும்.

உபுண்டு, டெபியன் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சொந்தப் பெயருக்கு 127.0.1.1 என்று இருக்கலாம். அந்தப் பெயரை வைத்து இயங்கும் மென்பொருள், வெளியிலிருந்து வரும் கம்ப்யூட்டர்களுக்குக் கதவைத் திறக்காது. ஃபைலைக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே சரியான முகவரியைப் போடுங்கள்.

பெயரே வேண்டாம், எண்ணையே போடலாமா?

அவசரத்துக்குப் போடலாம். ஆனால் ரூட்டர் நாளைக்கே வேறு எண் கொடுத்தால் எல்லா கவுன்டரும் ஒரே நேரத்தில் நிற்கும். சர்வருக்கு நிலையான ஐபி, ஒரு பெயருக்கு ஒரே சரியான முகவரி. இதுதான் நிரந்தரத் தீர்வு.