பின்நேரப் பள்ளிக்கூடத்தின் இடாப்பு

வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி எழுதும்போது காணி, வீடு, நகை, கடை என்பவற்றை விரிவாகவே பேசுகிறோம். பிள்ளைகளின் படிப்பு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நானும் அந்த வரிக்குள் இருந்தவன். ஆகவே சொந்த நினைவையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

1990 ஒக்டோபர் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மொத்தம் 70,000 பேருக்கு மேல் ஊரிழந்தார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினார்கள். மன்னார்த் தீவிலிருந்து புறப்பட்ட எங்களை வள்ளம் கற்பிட்டியில் இறக்கியது. அப்போது எனக்குப் பதினொரு வயது. உம்மா தூக்கி வந்த பையில் உடுப்பும் ஒரு குர்ஆனும் இருந்தன. பிறப்புச் சான்றிதழ் அலுமாரியிலேயே கிடந்துவிட்டது.

சில மாதங்களின் பின் வாப்பா என்னை ஒரு பாடசாலைக்குக் கூட்டிப் போனார். "விடுகைப் பத்திரம் இருக்கா?" என்று அங்கே கேட்டார்கள். "வீட்டயே விட்டுட்டு வந்தம் சேர், பத்திரத்துக்கு எங்க போற?" என்றார் வாப்பா. கேட்டவர் கெட்ட மனிதரல்லர். அவர் கையிலிருந்த படிவத்தில் நிரந்தர முகவரிக்கு ஓர் இடம் இருந்தது. எங்களிடம் முகவரி இல்லை. அவ்வளவுதான்.

சட்டம் அன்று என்ன சொன்னது? 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை எல்லோருக்கும் கல்வியில் சமவாய்ப்பை உறுதிப்படுத்துவதை அரசின் குறிக்கோள்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் அது வழிகாட்டிக் கோட்பாடு மட்டுமே. அதை வைத்து வழக்காட முடியாது என்பதை 29ஆம் உறுப்புரை சொல்லிவிட்டது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதிப்படுத்தியது 1991 ஜூலையில். 5 முதல் 14 வயதுவரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 1997இல்தான் வந்தன. இடம்பெயர்ந்தோருக்கு இழந்த ஆவணங்களை மீளக் கொடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்று ஐ.நா.வின் வழிகாட்டிக் கோட்பாடுகள் கூறியது 1998இல். அதற்குள் முகாமில் என்னோடு வந்து சேர்ந்தவர்கள் மீசை முளைத்த வாலிபர்களாகிவிட்டார்கள்.

எங்களைக் காப்பாற்றியது பின்நேரப் பள்ளிக்கூடம். காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் படித்த கட்டடத்தில், ளுஹருக்குப் பிறகு எங்களுக்கு வகுப்பு நடந்தது. படிப்பித்தவர்களும் எங்களைப் போல அகதிகளே. முதல் நாள் ஒரு சேர் புதுக் கொப்பியொன்றில் கோடு போட்டு, "ஆண்டு எத்தினயில படிச்ச, மகன்?" என்று கேட்டார். சொன்னதை நம்பி எழுதினார். அதுவே எங்கள் இடாப்பு. பத்திரம் வரும்வரை பிள்ளையை வெளியே நிறுத்தி வைக்கவில்லை. பிள்ளையை முதலில் உள்ளே எடுத்துவிட்டு, உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் பிறகு அலைந்தார்கள். வீடற்ற பிள்ளையின் கல்வியுரிமை என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதன் சாரம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

புத்தளத்து மக்கள் தங்கள் வகுப்பறையைப் பகிர்ந்ததை நன்றியோடு பதிய வேண்டும். அவர்களுடைய பாடசாலைகளும் முன்பே வசதி குறைந்தவைதாம். நெருக்கடி கூடியபோது மனத்தாங்கலும் வந்தது. அதை மறைப்பது வரலாறாகாது.

பின்நேர வகுப்பால் எல்லோரும் கரைசேரவுமில்லை. என் வகுப்பில் பையன்கள் சிலர் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். வகுப்பு முடிய மஃரிபு நெருங்கிவிடும் என்பதால் குமர்ப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினார்கள். ஓலைக் கொட்டிலில் ஒரு குப்பி விளக்கைச் சுற்றி ஐந்து பேர் படித்தோம். சாதாரண தரம் எழுதும்போது எங்களில் பாதிப்பேர் இல்லை. அவர்களை யாரும் விலக்கவில்லை. தேடிப் போகவும் ஆளில்லை. சேர்த்துக்கொள்வது பாதி வேலைதான், தக்கவைப்பது மறுபாதி என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் தொடங்கியபோது இதே கதை திரும்பியது. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகள் மன்னாருக்குப் போனார்கள். அங்கே ஊர் காடாகிக் கிடந்தது. வாப்பா அங்கே, உம்மாவும் பிள்ளைகளும் இங்கே என்று பல குடும்பங்கள் பிரிந்திருந்ததற்குப் பாடசாலையே காரணம். இன்றும் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போனால் வதிவிடச் சான்றும் வாக்காளர் இடாப்பும் கேட்கிறார்கள். வெள்ளத்திலும் மண்சரிவிலும் வீடிழந்தவர்களும், வாடகை கட்ட முடியாமல் இடம் மாறுகிறவர்களும் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்கிறார்கள்.

பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் வெளியேற்றத்தை ஆய்வு செய்து எழுதி வைத்தார்கள். பின்நேரப் பள்ளிக்கூடங்களுக்கு அப்படி முழுமையான ஒரு பதிவு வேண்டும். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எந்த ஆண்டில் யார் நின்றார்கள் என்பதற்கு அந்தக் கொப்பி இடாப்புகளே மூல ஆவணங்கள். அன்று படிப்பித்தவர்கள் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், சிலர் மௌத்தாகிவிட்டார்கள். அவர்களுடைய வீட்டுப் பெட்டிகளில் அவை இன்னும் கிடக்கக்கூடும். இதை வாசிப்பவர்களில் யாரிடமாவது இருந்தால், கறையான் அரிக்குமுன் ஒரு பிரதியெடுத்து வையுங்கள்.