தவணைக் கம்ப்யூட்டரில் பிறந்த லினக்ஸ்

கம்ப்யூட்டர் லேப் வாசலில் நம் முறைக்காகக் காத்து நின்ற நாட்கள் நினைவிருக்கிறதா?

1991 ஜனவரியில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, தவணையில் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கினார். மெமரி வெறும் 4 எம்.பி. ஆசையோ யூனிக்ஸ் மேல். அதன் விலை மாணவனுக்குக் கட்டுப்படியாகுமா? தானே எழுத உட்கார்ந்துவிட்டார். செப்டம்பரில் லினக்ஸ் 0.01 வெளிவந்தது, இலவசமாக.

ஜெர்மனியில் ஒருவரிடம் இருந்ததோ 2 எம்.பி.தான். அதில் லினக்ஸைத் தொகுக்க முடியவில்லை. 'வேற மெஷின் வாங்கிக்கோ' என்று லினஸ் கைகழுவவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே, மெமரி போதாதபோது ஹார்ட் டிஸ்க்கைத் துணைக்குக் கொள்ளும் வசதியை எழுதிச் சேர்த்தார். அன்றைய மினிக்ஸில்கூட அது கிடையாது. 1992-இல் லினக்ஸை நாடியவர்கள் பெருகினார்கள். லினஸின் கம்ப்யூட்டர் கடன் பாக்கியை அடைத்ததும் அவர்கள் சேர்த்த பணம்தான்!

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்க மெஷின் பழசுன்னு கூச்சப்படாதீங்க. ஓர் ஏழை மெஷினின் குறைதான் லினக்ஸை வளர்த்தது. குறையைச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே தீர்த்து வையுங்கள்.