வயிறு சொல்லும் வரலாறு

வரலாறு என்றால் மன்னர் பெயரும் போர் நடந்த ஆண்டும் என்றே நாம் பள்ளியில் பயின்றோம். சந்திரகிரிக் கோட்டையையும் திருமலைக் கல்வெட்டுகளையும் காணும்போது அவ்வரலாறு நம் கண்முன் நிற்கிறது. ஆயின் கல்லில் வெட்டப்படாத வரலாறு ஒன்றும் உண்டு. அது நம் உடலில், சிறப்பாக நம் குடலில், எழுதப்பட்டிருக்கிறது. நாற்பது வயதில் நம்மை வந்தடையும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய காரணங்களுள் சில, நாம் தாய் வயிற்றில் இருந்தபோதே தொடங்கியவை என்பர் மருத்துவ அறிஞர். அவர்கள் இதனைக் கண்டறிந்த வரலாற்றைச் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

நம் பாட்டன்மார் வாயில் 'தாது வருடப் பஞ்சம்' என்று வழங்கிய கொடும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது. சித்தூரும் திருப்பதியும் அந்நாளில் சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சித்தூரே அதன் தலைநகர். 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. திருப்பதி மாவட்டம் 2022-இல் பிறந்தது. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு. பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-இல் விதித்தார் சர் ரிச்சர்டு டெம்பிள். போதாது என்று வாதாடினார் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். ஓர் ஆள் உயிர் தரிக்க எவ்வளவு தானியம் வேண்டும் என்பதே அன்றைய வழக்கு. அவ்வரிசையில் நின்ற கருவுற்ற பெண்ணின் வயிற்றில் இருந்த சிசு, பிழைத்து வளர்ந்தால் நாற்பதாவது வயதில் அதன் உடல்நலம் எப்படி இருக்கும் என்பது அன்று எவர் நினைவிலும் எழவில்லை.

உணவின் அளவோடு தரத்தையும் ஆராயும் பணி நம் நீலகிரியில் தொடங்கிற்று. 1918-இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஆய்வைத் தொடங்கினார். சத்துக் குறைந்த உணவைக் குரங்குகளுக்கு அளித்துப் பார்த்தார். அவற்றின் குடல் பழுதுபட்டது. பின்னர் இந்திய மாகாணங்களின் உணவு வகைகளை எலிகளுக்கு அளித்தார். கோதுமை, பால், பருப்பு, கீரை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய உணவை உண்டவை நலிந்தன. குன்னூரில் வளர்ந்த அந்த ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நம்மைப் போலவே தமிழ் மண்ணில் பிறந்து தெலுங்கு மண்ணில் குடியேறிய நிறுவனம் அது!

இதற்கிடையே மேல்நாட்டில் வேறொரு செய்தி புலப்பட்டது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவு வரத்தைத் தடுத்ததால் ஆலந்து நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியால் வாடிற்று. அந்நாளில் கருவில் இருந்தவர்களை ஏறத்தாழ ஐம்பது வயதில் சோதித்தபோது, அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியிருந்தது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, எடை குறைந்து பிறந்தோரிடையே இதயநோய்ச் சாவு மிகுதி என்று 1989-இல் வெளியிட்டார். கருவில் வறுமையைக் கண்ட உடல், சிக்கனமாக வாழக் கற்றுக்கொள்கிறது. பிற்காலத்தில் உணவு பெருகி உழைப்பு குறைந்தால், அச்சிக்கனமே பகையாகிறது.

நம் நாட்டு நிலை என்ன? புனே நகரில் யாஜ்னிக் குழுவினர் கிராமத்துச் சிசுக்களை நிறுத்துப் பார்த்தனர். சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலச் சிசுவின் எடையோ 3.5 கிலோ. நம் சிசுவின் தசை குறைந்திருந்தது. கொழுப்போ அவ்வளவாகக் குறையவில்லை. நமக்கு அண்டை ஊரான வேலூரில், 1969 முதல் 1973 வரை நகரிலும் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் குறித்து வைத்தனர். அவர்களை இருபத்தெட்டு வயதளவில் மீண்டும் தேடிச் சோதித்தபோது, அவ்விளமையிலேயே பலருக்குச் சர்க்கரைக் கோளாறு தலைகாட்டியிருந்தது.

ஆயினும் இது தலைவிதி அன்று என்பதற்குத் தெலுங்கு மண்ணிலேயே சான்று உண்டு. 1987 முதல் 1990 வரை ஐதராபாத்தை அடுத்த சில கிராமங்களில் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நாள்தோறும் சோளமும் சோயாவும் கலந்த உப்புமா வழங்கப்பட்டது. வேறு சில கிராமங்களில் வழங்கப்படவில்லை. பிள்ளைகள் 13 முதல் 18 வயதை எட்டியபோது இருசாராரையும் ஒப்பிட்டனர். உப்புமா பெற்ற கிராமத்துப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தனர். இன்சுலினுக்கு உடல் இணங்க மறுக்கும் நிலை அவர்களிடம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு தட்டு உப்புமா செய்த வேலை இது!

இதில் குடலின் பங்கு யாது? நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பிறக்கும்போது தாயிடமிருந்து முதற்குடிகள் வந்து சேர்கின்றன. தாய்ப்பாலில் சிசுவால் செரிக்க இயலாத சர்க்கரை வகைகள் சில உள்ளன. அவை சிசுவுக்கு அல்ல, அதன் குடலில் வாழும் நன்னுயிர்களுக்கே உணவு! இக்குடியேற்றம் ஏறத்தாழ மூன்று வயதுக்குள் உருப்பெற்று விடுகிறது. பின்னர் நாம் உண்ணும் நாரைப் புளிக்கவைத்து அந்நுண்ணுயிர்கள் தரும் அமிலங்கள், குடற்சுவரைப் பேணுகின்றன. உடல் சர்க்கரையைக் கையாளவும் துணைபுரிகின்றன. டாக்காவில் ஊட்டமின்றி மெலிந்த குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள், வயதுக்கேற்ற முதிர்ச்சி பெறாமல் பின்தங்கியிருந்தமை 2014-இல் வெளியாயிற்று. கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் கொண்டு ஆக்கிய உணவு அக்குறையை ஓரளவு நீக்கி, எடையையும் கூட்டியது என்று 2021-இல் அறிவித்தனர். குழந்தைப் பருவத்து நுண்ணுயிர்க்கும் முதுமை நோய்க்கும் உள்ள தொடர்பு பெரிதும் எலிகளிடமே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. மனிதரிடம் ஆராய்ச்சி தொடர்கிறது. ஆயின் ஆராய்ச்சி காட்டும் திசை தெளிவு.

இவ்வரலாறு எந்தத் தாயையும் குறை கூறுவதற்கன்று. பசித்த தாயிடம் கணக்குக் கேட்பது அறமாகாது. கேட்க வேண்டியது அவளைச் சூழ்ந்த குடும்பத்தையும் ஊரையுமே. நம் இல்லங்களில் அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் மருமகளுக்கு இன்னும் இருக்குமாயின், அதனை இன்றே கைவிடுவோம். கருவுற்றவளுக்கு முதற் பந்தி. அதில் பருப்பும் கீரையும் பாலும் இருக்கட்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டாமல் சிசுவுக்கு ஊட்டுவோம். முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் டப்பா மாவைத் தேடி ஓடாமல் கேழ்வரகுக் கூழும் பயறும் ஊட்டுவோம்; இம்மாவட்டத்தார் போற்றும் ராகி சங்கட்டியைப் பெரியோரும் இகழாது உண்போம். குடிநீரைக் காய்ச்சி ஆற்றுவோம். சாதாரணச் சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் நாமாகவே நுண்ணுயிர்க் கொல்லி வாங்கிக் கொடாதிருப்போம். அது நோய்க்கிருமியோடு நன்னுயிரையும் மாய்க்கும்.

தாது வருடத்துக் கஞ்சித்தொட்டிகள் ஒரு நாள் உயிரைக் காக்க வைக்கப்பட்டன. நம் அடுக்களைப் பானையோ ஐம்பது ஆண்டு நலத்தைக் காக்க வல்லது. இக்குடியிருப்பில் இவ்வாண்டு பிறக்கும் குழந்தைகள் நாற்பது வயதை எட்டும்போது, அவர்கள் உடலில் எழுதப்பட்டிருக்கும் வரலாறு இன்று நாம் அவர்தம் தாய்மாருக்கு இடும் சோறே ஆகும். அச்சோற்றை அன்போடும் அறிவோடும் இடுவோமாக!