வெறுங்கால் உதை

காலணி அணியாமல் பந்தை உதைத்து ஆடும் முறை வெறுங்கால் உதை. இந்தியக் கால்பந்தில் 1950களின் தொடக்கம் வரை இது சர்வசாதாரணம். அமெரிக்கக் கால்பந்தில் 1970, 80களில் சிலர் இப்படி உதைத்துப் பேர் வாங்கினார்கள். வெறுங்காலால் சரியாக உதைக்க முடியாது, அதனால்தான் காலணி கட்டாயமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. வெறுங்காலுக்குப் பகை இரண்டுதான்: ஈரத் தரை, எதிராளியின் பூட்ஸ். திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூர் போல மழை குறைந்த சமவெளியின் காய்ந்த செம்மண்ணில் வெறுங்காலுக்கு நல்ல பிடிமானம் உண்டு. கல்கத்தா லீக் நடந்ததோ மழைக்காலத்துச் சேற்றில். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்த லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், ஈரத் தரையில் தன் ஆட்டக்காரர்களுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டது. வெறுங்காலோடு ஆடியதற்குக் காசும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது; தோல் பதனிடும் திண்டுக்கல்லை ஒட்டிய ஊர்களிலும் பூட்ஸ் எல்லோருக்கும் எட்டிய பொருளாக இருந்ததில்லை.

1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என வென்றது. மோகன் பகான் அணியில் பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே. மற்ற பத்துப் பேரும் வெறுங்காலர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினர். பிரான்ஸிடம் 1-2 என்றுதான் தோற்றனர். இரண்டு பெனால்டிகளைத் தவறவிடாதிருந்தால் முடிவு மாறியிருக்கும். 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்கு ஃபிஃபா வெறுங்காலைத் தடுத்ததே காரணம் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. அந்த அணிக்குத் தலைமை ஏற்றிருக்க வேண்டிய சைலன் மன்னாவே இதைப் பின்னாளில் மறுத்தார். ஒலிம்பிக்கையே பெரிதாக எண்ணிய கால்பந்துச் சம்மேளனம் உலகக் கோப்பையைப் பொருட்படுத்தவில்லை. இந்திய ஆட்டக்காரர்களுக்குப் பூட்ஸைக் கட்டாயமாக்கிய விதி இதற்கெல்லாம் பிறகு, 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்ற பின்புதான் வந்தது.

அந்தப் பத்து கோல்களே வெறுங்காலின் குறைக்குச் சாட்சி அல்லவா என்று கேட்கலாம். ஓரளவு சரிதான், குளிர்ந்த ஈரத் தரையில் பூட்ஸ் இல்லாமல் நின்றதே தவறு. ஆனால் யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணி. நம்மவர்களோ உள்நாட்டில் 70 நிமிட ஆட்டத்துக்குப் பழகியவர்கள். 1956 மெல்போர்னில் பூட்ஸோடு ஆடி நான்காம் இடம் பிடித்ததில் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீமின் பங்கைக் கழித்துவிட்டுக் காலணிக்கு மட்டும் மாலை போடுவது நியாயமில்லை.

அமெரிக்கச் சான்று இதைவிட வலுவானது. அங்கே உதைப்பவர் ஓர் உதைக்கு மட்டும் களத்துக்கு வருகிறார். உதைக்கும்போது அவர்மீது மோதினால் எதிரணிக்குத் தண்டனை. காலை மிதிக்க ஆள் இல்லாத ஆட்டத்தில் வெறுங்கால் என்ன செய்யும் என்பதை டோனி ஃபிராங்க்ளின் காட்டினார். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்காக 1976இல் பேய்லருக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 64, 65 கெஜத் தொலைவுகளிலிருந்து ஃபீல்டு கோல் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) அடித்தார். 65 கெஜம் என்பது ஏறக்குறைய 59 மீட்டர். வெயில் நாட்டில் மட்டுமே இது சாத்தியம் என்ற மறுப்பும் நிற்காது. 1987 ஜனவரியில் கிளீவ்லாந்தின் கடுங்குளிரில் ரிச் கார்லிஸ் வெறுங்காலால் உதைத்த 33 கெஜ ஃபீல்டு கோல், டென்வர் அணியை இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்கு அனுப்பியது. அங்கே விதி எழுதியவர்கள் கவலைப்பட்டது காலணியைப் பற்றித்தான். வலக்காலில் விரல்களின்றிப் பிறந்த டாம் டெம்ப்சி, முன்பக்கம் தட்டையான தனிக் காலணியோடு 1970இல் 63 கெஜ கோல் அடித்துச் சாதனை படைத்தார். 1977இல், அத்தகைய காலணியின் உதைபரப்பும் வழக்கமான காலணியைப் போலவே இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். விரலில்லாத காலுக்கு அந்தத் தனிக் காலணி கூடுதல் வசதி என்று வாதிட்டது கொஞ்சம் கொடுமைதான்.

உலகக் கால்பந்தின் நான்காம் விதி இன்று காலணியைக் கட்டாய உடையாக வைத்திருக்கிறது. ஆட்டத்தின் நடுவே தற்செயலாகப் பூட்ஸ் கழன்றுவிட்டால், பந்து அடுத்து களத்துக்கு வெளியே போவதற்குள் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் அந்த ஆட்டக்காரர் வெறுங்காலால் கோல் அடித்தால் அது செல்லும்.