இரண்டு தௌ இடைவெளி

"பேரிங்கில் ஆட்டம் கண்டுவிட்டது சார்" என்று மெக்கானிக் சொன்னால் நமக்கு முகம் வாடிவிடும், செலவு வந்துவிட்டதே என்று. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். இயந்திர உறுப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளிக்குப் பிரெஞ்சிலும் 'ஜெ' என்றுதான் பெயர். பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கும் அதே சொல். பேரிங் ஷெல்லுக்கோ 'கூசினே', அதாவது சின்னத் திண்டு!

அந்தத் திண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் இடைவெளி எதற்கு என்பது நெடுங்காலம் சரியாக விளங்கவில்லை. அல்சாஸைச் சேர்ந்த இர்ன், எண்ணெயிட்ட தண்டுகளின் உராய்வை அளந்து 1854-ல் வெளியிட்டார். பெரிய அறிவியல் கழகங்கள் அதற்கு முன்பே அவருடைய கட்டுரையை மறுத்திருந்தன. பிறகு 1883-ல் இங்கிலாந்தில் பூசாம்ப் டவர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்தார். பேரிங்கின் மேல் துளை வழியே எண்ணெய் பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையைத் தள்ளிவிட்டது. அளவுமானியைப் பொருத்திப் பார்த்தால், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் அழுத்தம்! சுழலும் தண்டு தானே எண்ணெயை ஆப்பு போல இழுத்து, அதன் மேல் மிதக்கிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். இடைவெளி இல்லையென்றால் ஆப்பும் இல்லை, மிதப்பதும் இல்லை.

நம் ஊரில் இந்தக் கணக்கு பொன்மலையில் கைவேலையாக இருந்தது. தென்னிந்திய ரயில்வே 1928-ல் நாகப்பட்டினத்துப் பட்டறையை அங்கே கொண்டுவந்தது. திருவானைக்காவலில் எங்கள் பக்கத்து வீட்டில் பொன்மலை ஃபிட்டர் ஒருவர் இருந்தார். நீராவி எஞ்சின் பேரிங்கில் வெள்ளை மெட்டல் ஊற்றி, நீல மை தடவி, தண்டு பட்ட மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டுவார்களாம். ஈயக் கம்பியை நடுவில் வைத்து முடுக்கி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். "எண்ணெய் நிக்க இடம் கொடுக்கணும் தம்பி. அதுக்கு மேல கொடுத்தா அது ஓடிப்போயிடும்" என்பார்.

தண்டின் விட்டம் அங்குலத்துக்கு ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது பழைய வாய்ப்பாடு. 2 அங்குலத் தண்டுக்கு 2 தௌ. நாங்கள் ஆபீசில் எழுதிய ஃபுல்ஸ்கேப் தாளின் கனம் ஏறத்தாழ 4 தௌ இருக்கும், அதில் பாதி!

பந்தயக் கார் என்றால் இந்தப் பாதித் தாளில்தான் தகராறு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. நம் தெருவில் ஓடிய அம்பாசடர், ஃபியட் வகையறாக்களும் அங்கே சீறின. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு மெயின் பேரிங் மூன்றே மூன்று. மிதமான வேகத்தில் பொறுமைசாலி. சுழற்சியை ஏற்றினால் கிராங்க் நடுவில் வளைந்து கொடுக்கும், சூட்டில் பெருக்கும். கம்பெனி சொன்ன அளவில் இறுக்கினால் எண்ணெய்ப் படலம் கிழிந்து பேரிங் பிடித்துக்கொள்ளும். கார் மணிக்கு நூறு மைலில் போகும்போது எஞ்சின் பூட்டிக்கொண்டால் பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவன் கதி என்ன? ஆகவே அரை தௌ கூட்டுவார்கள். கூட்டினால் ஓரங்களில் எண்ணெய் ஒழுகும், பிரஷர் இறங்கும். அதற்குக் கெட்டியான எண்ணெய், பெரிய பம்ப். அந்தக்காலப் பந்தய எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய் கலந்த ஆயில் உண்டு. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் பாட்டிகள் வாயில் ஊற்றிய அதே எண்ணெய்!

பிறகு கோவை கரிவரதன் மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைச் செய்தார். பந்தயமும் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. ஈயக் கம்பி போய், மெழுகு போன்ற மெல்லிய பிளாஸ்டிக் இழை வந்தது. நசுங்கிய அகலத்தை, அதன் உறையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிட்டால் போதும்.

முப்பது வருஷம் பதிவேடு எழுதிய எனக்கு ஓர் ஆதங்கம். யார் ஜெயித்தார் என்று மறுநாள் செய்தித்தாளில் வரும். எத்தனை தௌ வைத்து ஜெயித்தார் என்பது எஞ்சின் கட்டியவரின் சட்டைப்பை நோட்டில், எண்ணெய்க் கறையோடு இருக்கும். பக்கத்து வீட்டு ஃபிட்டர் போன பின் அவர் வீட்டைக் காலி செய்தபோது, அப்படி இரண்டு நோட்டுகள் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிப் போயின.