கோஜிப் பழமும் எங்கள் வீட்டு மணத்தக்காளியும்

போன மாதம் எங்கள் பெரியப்பா ஒரு பாட்டிலோடு வந்தார். மேலே சிவப்பாகக் குட்டிக் குட்டிப் பழங்களின் படம். "கோஜி பெர்ரி ஜூஸ்டா. சீனாவுல இதைச் சாப்பிட்டு ஒருத்தர் 256 வருஷம் இருந்தாராம்" என்றார். பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். இப்போது இதய வால்வு மாற்றி, தினமும் வார்ஃபரின் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் படிப்பது பி.காம். செடி கொடிக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் 256 என்ற கணக்கு இடித்தது. தேட ஆரம்பித்தேன். கிடைத்த கதை சுவாரசியமாக இருந்ததால் உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த 256 வயதுக்காரர் பெயர் லீ சிங் யுன். சீன மூலிகை வியாபாரி. 1933இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸில்கூடச் செய்தி வந்தது. அவர் பிறந்தது 1677 என்று ஒரு கணக்கு, 1736 என்று இன்னொரு கணக்கு. வித்தியாசம் 59 வருஷம்! இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டால் எங்கள் வாத்தியார் பேப்பரைத் தூக்கி எறிந்துவிடுவார். ஆதாரத்தோடு உறுதியான அதிகபட்ச வயது பிரான்ஸின் ழான் கால்மானுடையது. 122 வயது வரை வாழ்ந்து 1997இல் இறந்தார்.

அதற்காகக் கோஜியே பொய் என்று சொல்லிவிட முடியாது. சீனாவில் பழைய காலத்திலிருந்தே மருந்தாகவும் உணவாகவும் இருக்கிறது. லீ ஷிஜென் எழுதி 1596இல் அச்சான புகழ்பெற்ற மருந்து நூலிலும் இடம் பெற்றது. மஞ்சள் ஆற்றின் வண்டல் படியும் நிங்ஷியா பகுதிதான் இதற்குப் பெயர் போனது. அங்கே கஞ்சியிலும் சூப்பிலும் போடும் சாதாரணப் பழம் அது. மேற்கு நாட்டுக் கடைகளுக்கு வந்த பிறகுதான் 'அதிசயப் பழம்' ஆனது.

இங்கிலாந்துக்கு இது போன கதை இன்னும் வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டில் ஆர்கைல் பிரபு (மூன்றாவது டியூக்) லண்டன் பக்கம் விட்டன் என்ற இடத்தில் வெளிநாட்டுச் செடிகளாக வளர்த்தார். அவருக்கு ஒரு தேயிலைச் செடியும் ஒரு கோஜிச் செடியும் வந்தனவாம். லேபிள் மாறிப்போனதாம்! கோஜியைத் தேயிலை என்று நினைத்து வளர்த்தார்கள் என்பார்கள். இன்றைக்கும் அங்கே அதன் பெயர் 'ஆர்கைல் பிரபுவின் தேயிலை மரம்'. வேலிகளில் தானாக முளைத்துக் கிடக்கிறது. வேலியில் கிடந்தபோது யாரும் மதிக்கவில்லை. அதே பழம் பாக்கெட்டில் வந்ததும் விலை ஏறிவிட்டது.

இதை வீட்டில் வளர்க்க முடியுமா? முயற்சி செய்தேன். காய்ந்த பழத்தை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பிதுக்கினால் மிளகாய் விதை மாதிரி, அதைவிடச் சின்னதாக விதைகள் வரும். மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவி, லேசாக மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதிகச் சூட்டில் உலர்த்திய பழமாக இருந்தால் முளைக்காமலும் போகலாம். எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் நாலு முளைத்தது. காய்ப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். தண்டை வெட்டி வேர்விட வைத்த இளஞ்செடி கிடைத்தால் சீக்கிரம் காய்க்கும், பழமும் தாய்ச்செடி மாதிரியே இருக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். இது குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுத்துப் பழகிய செடி. நம் ஊரில் குளிர் எங்கே? மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் இதன் இன்னொரு வகையைப் பழத்துக்காக இல்லாமல் கீரைக்காகத்தான் வளர்க்கிறார்கள். காஞ்சிபுரத்து வெயிலுக்கும் அதிகமாகப் போனால் கீரைதான் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

இதைச் சொன்னதும் ஆயா சிரித்தார். "கீரைக்கு எதுக்குடா சீனா? கொல்லையில மணத்தக்காளி இல்ல?"

ஆயா சொன்னது தாவரவியல்படியும் சரி. கோஜி, மணத்தக்காளி, கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் ஒரே குடும்பம். இதில் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை. தக்காளி வந்த புதிதில் அதற்குப் பெயர் சீமைத்தக்காளி. 'தக்காளி' என்பது அதற்கு முன்பே நம் ஊர்ச் சின்னப் பழச்செடிகளுக்கு இருந்த பெயர். காலப்போக்கில் வந்தவர் 'சீமை'யைக் கழற்றிவிட்டு முழுப்பெயரையும் எடுத்துக்கொண்டார். பழைய சொந்தக்காரர் மணத்தக்காளி என்ற அடைமொழியோடு கொல்லைக்குப் போய்விட்டார். வாய்ப்புண் வந்தால் மட்டும் ஞாபகம் வரும்.

பெயருக்கு இருக்கும் விலை எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியும் எங்கோ விசைத்தறியில் ஓட்டிய சேலையில் 'காஞ்சிபுரம்' என்று ஒட்டி விற்கிறார்கள். அதைப் பார்த்து வயிறெரிகிற நாமே, '256 வருஷம்' என்று ஒட்டிய பாட்டிலை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்கிவிடுகிறோம்!

இப்போது முக்கியமான விஷயம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கோஜி எடுத்துக்கொண்டபோது ரத்தம் உறையும் தன்மை ஆபத்தான அளவுக்குக் குறைந்த சம்பவங்கள் 2001 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் அப்படி ஒரு வரிகூட இல்லை. "டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் குடிங்க பெரியப்பா" என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன். டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். கீரை, வற்றல் எதையும் திடீரென்று அளவு கூட்டாதீர்கள் என்றும் சொன்னார். பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

கோஜிச் செடிகள் நாலும் மாடியில் சாணுயரம் வளர்ந்திருக்கின்றன. அதே தொட்டியில் யாரும் விதைக்காமலே ஒரு மணத்தக்காளியும் முளைத்திருக்கிறது. இரண்டையும் வளரவிட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது பாட்டில் இருந்தால், முன்பக்கப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள் நண்பர்களே.