தெரு முடிந்தால் வேலை முடியும்: குறைந்தபட்சக் கூலியும் துப்புரவுத் தொழிலாளியின் கணக்கில் வராத நேரமும்



அண்ணலின் நினைவு நாளில் அரசியல் சட்டத்தைப் பற்றியும் மகத் குளத்தைப் பற்றியும் பேசுவது நம் மேடைகளின் வழக்கம். இந்த ஆண்டு அவர் கையால் அவைக்கு வந்த இன்னொரு தாளை எடுத்துப் பேசலாம் என்று நினைத்தோம். 1946 ஏப்ரல் 11 அன்று, வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், மத்திய சட்டமன்றத்தில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அறிமுகப்படுத்தினார். சில மாதங்களில் அந்தப் பொறுப்பு அவரிடமிருந்து போய்விட்டது. மசோதா சட்டமானது 1948 மார்ச் 15 அன்று. அப்போது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். அரசியலில் எதிரெதிர் முகாம்களில் நின்ற இரண்டு தலித் தலைவர்கள், ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்துவைத்த சட்டம் அது. நம் தொழிற்சங்க வரலாறுகளில் இதை ஒரு வரியாகக்கூடப் பார்ப்பது அரிது.

அந்தச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தெந்த வேலைகளுக்கு அரசு கட்டாயம் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்ற பட்டியல். அரிசி ஆலை, பீடி, தோட்டம், எண்ணெய் ஆலை, கல் உடைத்தல், தோல் பதனிடுதல் என்று போகும். அதில் ஆறாவது இடத்தில் இருப்பது, 'உள்ளாட்சி அமைப்பின் கீழ் உள்ள வேலை'. இது பிற்பாடு போராடிச் சேர்த்த வரி அல்ல, முதல் நாளிலிருந்தே இருக்கும் வரி. அரசே முதலாளியாக இருக்கும் இடத்திலும் கூலி திருடப்படும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோல் பதனிடுபவரும் தெருக் கூட்டுபவரும் ஒரே பட்டியலில் வந்தது எப்படி என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மயிலாப்பூர் மாடவீதியையும் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவையும் அடையாற்றின் குறுக்குச் சந்துகளையும் விடியற்காலையில் கூட்டுகிறவரிடம் அந்த ஆறாவது வரி வந்து சேர்ந்ததா? இதுதான் இன்றைய உரையின் கேள்வி.

சங்கம் பிறந்த ஊர்

இந்தியாவின் முதல் நவீனத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர்ப் பகுதியில் தொடங்கியது. வாடியா தலைவர், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதை வளர்த்தவர்கள். பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று கூலியைவிட எளிமையானது: சாப்பிடவாவது போதிய நேரம் கொடுங்கள் என்பது. நேரத்தைக் கேட்டுத்தான் சென்னையில் சங்கம் பிறந்தது. 1923-ல் சிங்காரவேலர் இதே ஊர்க் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேரம் என்ற சொல் அன்றே இங்கே ஒலித்துவிட்டது. அவரே பின்னர் மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தார்.

இந்தப் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு 1921-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர்களைக் கருங்காலிகள் என்று எழுதிவிட்டு நகரும் வரலாறு ஒன்று உண்டு. சங்கக் கூட்டத்தில் சமமாக உட்கார முடியாதவனிடம் சங்கக் கட்டுப்பாட்டை மட்டும் எப்படிக் கேட்பது என்று யோசிக்கும் வரலாறு இன்னொன்று. நாம் இரண்டாவதைப் படிக்கச் சொல்கிறோம். 'தொழிலாளி' என்ற பொதுச் சொல்லுக்குள் சாதி கரைந்துவிடும் என்று நம்பியவர்கள் அன்று தோற்றார்கள். தெருக் கூட்டும் வேலையில் அது கரைவதற்கு வழியே இல்லை. ஆந்திர மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளாக வந்த அருந்ததியர், ஆதிஆந்திரக் குடும்பங்களும் ஆதிதிராவிடக் குடும்பங்களும்தான் சென்னை மாநகராட்சியின் துப்புரவுப் பிரிவைத் தாங்கியவர்கள். வேலையின் பெயர் மாறியது; தோட்டி போய், துப்புரவுத் தொழிலாளர் போய், இன்று தூய்மைப் பணியாளர். வருகைப் பதிவேட்டில் வரும் ஊர்களும் தெருக்களும் பெரிதாக மாறவில்லை.

சட்டம் என்ன சொன்னது

1948 சட்டம் கூலியோடு நிற்கவில்லை. 13-ஆம் பிரிவு, சாதாரண வேலைநாள் எத்தனை மணி நேரம் என்பதையும் வார ஓய்வு நாளையும் அரசு நிர்ணயிக்கலாம் என்றது. 14-ஆம் பிரிவு, அந்த நேரத்தைத் தாண்டி வேலை வாங்கினால் கூடுதல் நேரக் கூலி தர வேண்டும் என்றது. 1950-ஆம் ஆண்டு மத்திய விதிகள், விவசாயம் தவிர மற்ற வேலைகளுக்கு அதை இரட்டிப்புக் கூலி என்று வைத்தன. 25-ஆம் பிரிவு, குறைவான கூலிக்குச் சம்மதிக்கிறேன் என்று தொழிலாளியே கையெழுத்துப் போட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. நேரடியாகவோ இன்னொருவர் மூலமாகவோ வேலைக்கு வைப்பவர் எவரும் 'முதலாளி'தான். உள்ளாட்சியில் மேற்பார்வைக்குத் தனியாக ஒருவரை நியமிக்காவிட்டால், அதன் தலைமைச் செயல் அதிகாரியே சட்டத்தின் கண்ணில் முதலாளி.

1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டம் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்றது. அதாவது கூலி பாக்கி என்பது வெறும் கணக்குத் தகராறு இல்லை, வெட்டி வேலை. சேரியின் நினைவில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும்.

இவ்வளவு இருந்தும் கூடுதல் நேரக் கூலி ஏன் கைக்கு வரவில்லை? சட்டத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை இருந்தது. 20-ஆம் பிரிவின்படி, குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்தால் குறைந்த தொகையைப் போல் 10 மடங்கு வரை இழப்பீடு உத்தரவிடலாம். கூடுதல் நேரக் கூலி, ஓய்வுநாள் கூலி போன்ற மற்றக் கோரிக்கைகளுக்கு, பாக்கியோடு சேர்த்துத் தரக்கூடிய இழப்பீட்டின் உச்சவரம்பு 10 ரூபாய். பத்து மடங்கு இல்லை தோழர்களே, பத்து ரூபாய்! கோரிக்கை வைக்கக் காலம் 6 மாதம்தான். நேரத்தைத் திருடுவது இவ்வளவு மலிவாக இருந்தது.

அடுத்தது 1998-ல் வந்த தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தின் ஹட்டா நகராட்சி ஊழியர்கள் கூடுதல் நேரக் கூலி கேட்டார்கள். குறைந்தபட்சக் கூலியைவிட அதிகமாக, தங்களுக்கென்று உள்ள பணி விதிகளின்படி சம்பளம் வாங்குகிறவர்கள் 14-ஆம் பிரிவின்கீழ் அதைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதன் விளைவைச் சென்னைத் தெருவில் வைத்துப் பாருங்கள். நிரந்தரத் தொழிலாளி காலமுறைச் சம்பளம் வாங்குகிறார், ஆகவே இந்தச் சட்டத்தின் கூடுதல் நேரக் கூலி அவருக்கு இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி குறைந்தபட்சக் கூலியில் இருக்கிறார், ஆகவே அவருக்கு உண்டு. ஆனால் அவர் கூடுதலாக உழைத்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒருவருக்குப் பதிவு உண்டு, உரிமை இல்லை. மற்றவருக்கு உரிமை உண்டு, பதிவு இல்லை.

ஒப்பந்தம் தெற்கிலிருந்து வந்தது

2000-ஆம் ஆண்டில் சென்னையின் அன்றைய 10 மண்டலங்களில் மூன்றின் குப்பை அகற்றும் பணி ஓனிக்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனத்துக்குப் போனது. 2007-ல் நீல் மெட்டல் பனால்கா வந்தது. மாநகராட்சி 2011-ல் 15 மண்டலங்களாக விரிந்தபின், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களை ராம்கி எடுத்தது. 2020 முதல் இந்த மூன்றும் இன்னும் சில மண்டலங்களும் உர்பேசர் சுமீத் கைக்குச் சென்றன. மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் இந்த வரைபடத்துக்குள்தான் வருகின்றன. நகரத்தின் வசதியான பகுதிகள் என்று பெயர் பெற்றவைதான் ஒப்பந்த முறைக்கு முதல் சோதனைக்களம் ஆயின. கம்பெனி மாறும்போதெல்லாம் வண்டியின் நிறம் மாறியது, சீருடை மாறியது. கூட்டுகிற கை பெரும்பாலும் அதே கைதான். ஒவ்வொரு மாற்றத்திலும் அந்தக் கையின் பணிக்காலம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருந்தும் நிலைமை இதுதான்.

உள்ளாட்சி வேலைகளுக்கான கூலியை நிர்ணயித்து 2017 அக்டோபரில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. 62-ஆம் எண் அரசாணை என்று சங்கத் தோழர்கள் சொல்வது அதைத்தான். அதன்படி கூலி கொடு என்பதே அன்றிலிருந்து மாநிலம் முழுக்க ஊராட்சி முதல் மாநகராட்சி வரை நடக்கும் போராட்டங்களின் கோரிக்கை. சட்டப்படி கிடைத்திருக்க வேண்டியதைக் கோரிக்கையாக வைத்துப் பந்தல் போட வேண்டியிருக்கிறது.

தெரு என்ற கடிகாரம்

இந்த மண்டலங்களில் தொழிலாளர்களோடு பேசி வருகிறோம். வேலை எப்போது முடியும் என்று கேட்டால் பெரும்பாலும் மணியைச் சொல்வதில்லை, தெருவைச் சொல்கிறார்கள். தெரு முடிந்தால் வேலை முடியும். ஆள் வராத நாளில் பக்கத்துத் தெருவும் சேர்ந்துவிடும். வருகைப் பதிவு காலையில் உண்டு. எப்போது போனார் என்பதற்குப் பல இடங்களில் மேஸ்திரியின் வாய்ச்சொல்லே சாட்சி.

பங்குனியில் அறுபத்துமூவர் விழா முடிந்த இரவில் மாடவீதிகளில் மலைபோல் கிடக்கும் இலையும் தட்டும் காலைக்குள் காணாமல் போகின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகர் நள்ளிரவு வரை வியாபாரம் செய்கிறது. கடை ஊழியருக்குப் பின்னால் தெருவை மூடுகிறவர் துப்புரவுத் தொழிலாளி. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது வெளி மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்களை அழைத்துவந்து சேற்றில் இறக்கினார்கள். இந்த நாட்களில் எல்லாம் உழைப்புக்குச் 'சேவை' என்று பெயர் வருகிறது. சால்வை வருகிறது, பிரியாணி வருகிறது, காலில் நீர் ஊற்றிப் படம்கூட எடுக்கிறார்கள். கூடுதல் நேரக் கூலி மட்டும் வருவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். வசதிக்காக நாள் கூலி 600 ரூபாய், வேலை 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 75 ரூபாய். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு 150. தினம் 2 மணி நேரம் கூடுதல் என்றால் 26 நாளில் 52 மணி நேரம், 7,800 ரூபாய். மாதக் கூலியோ 15,600. கூலியில் சரிபாதி அளவு பணம் ஒவ்வொரு மாதமும் பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. இதோடு கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் இருட்டில் பேருந்து பிடித்து வரும் நேரத்தைச் சேருங்கள். ஆற்றங்கரைகளில், வேலைக்குப் பக்கத்தில் இருந்த குடிசைகளை எடுத்து 20 கிலோமீட்டர் தள்ளி வைத்தது அரசு. அந்தப் பயண நேரத்துக்கு எந்தச் சட்டத்திலும் கூலி இல்லை.

இங்கே சாதியின் வேலை என்ன? எழுத்தர் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் அது அலுவலகத்துக்கே தெரிகிறது. துப்புரவுத் தொழிலாளியின் ஒரு மணி நேரம் யாருக்கும் தெரிவதில்லை. அந்த வேலையை அவர் விற்கும் உழைப்பாகப் பார்க்காமல், அவர் பிறப்போடு வந்த கடமையாகப் பார்க்கும் கண் இது. கடமைக்கு ஏது மணி? 1948 சட்டம் தெருக் கூட்டும் உழைப்பை மணிக்கணக்கில் எண்ணச் சொன்னது. எண்ணச் சொன்னதுதான் அதன் புரட்சி.

2025-ஆம் ஆண்டு

2025 ஆகஸ்ட் 1 முதல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தங்கள் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதையும் அதனால் கூலி குறைவதையும் எதிர்த்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. 1918-ல் சங்கம் வளர்த்தவரின் பெயரைத் தாங்கிய மண்டலம் அது. 1921-ல் குடிசைகள் எரிந்த புளியந்தோப்பும் அதற்குள்தான் இருக்கிறது. தெற்கில் 25 ஆண்டாக நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வடக்கே அந்தப் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

நவம்பர் 21 அன்று 1948 சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அண்ணல் தொடங்கிய சட்டம் இனி இல்லை. கோபம் நியாயமானது, ஆனால் படிக்காமல் கோபப்படக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது இப்போது விதியில் இல்லாமல் சட்டத்திலேயே இருக்கிறது. கோரிக்கைக் காலம் 6 மாதத்திலிருந்து 3 ஆண்டாகியிருக்கிறது. அந்தப் பத்து ரூபாய் வரம்பு போய், எல்லாக் கோரிக்கைக்கும் 10 மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம். மறுபக்கம், ஆய்வாளர் இப்போது 'வசதி செய்து தருபவர்' ஆகிவிட்டார். தவறு செய்த முதலாளி தொகை கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்திருக்கிறது. உள்ளாட்சி என்று தனியே பெயர் சொன்ன அந்த ஆறாவது வரியும் அட்டவணையோடு போய்விட்டது. பிடியைத் தளர்த்திவிட்டு உரிமையை நீட்டியிருக்கிறார்கள். பிடியை நாம்தான் உருவாக்க வேண்டும்.

அதற்குப் பெரிய நிதி வேண்டாம். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் தெருவைக் கூட்டுகிறவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று ஒரு நோட்டில் அவரோடு சேர்ந்து எழுதுங்கள். ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்ணைச் சரிபாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். அவர் பெயர் வெளியே போனால் வேலை போகும் என்பதை மறக்காதீர்கள்; சங்கம் வழியாகவே மனுவைக் கொடுங்கள். மூன்று ஆண்டு கோரிக்கைக் காலம் இருக்கிறது. மூன்று ஆண்டு நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.

அண்ணலின் சிலைக்கு இன்று காலை மாலை போட்டோம். நாம் போவதற்கு முன்பே அந்தச் சிலையைச் சுற்றி யாரோ கூட்டிவைத்திருந்தார்கள். அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று நாம் கேட்கவில்லை. நாளையிலிருந்து கேட்போம்.

ஜெய்பீம்.